ரெத்ததாஸ்

இஞ்சிவிளையில் ரெத்தினதாஸ் நடத்தும் மாவு மில்லிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் தமிழ்நாடு வந்துவிடும். அரிசியும் மிளகாயும் மல்லியும் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். பெல்ட் ஓடுகிற சத்தத்தில் யார் மலையாளம் பேசுகிறார்கள், யார் தமிழ் பேசுகிறார்கள் என்று கேட்காது. டின்னைப் பார்த்தாலே அது யார் வீட்டு டின், மாவு புட்டுக்கா அப்பத்துக்கா என்று அவர் சொல்லிவிடுவார். ஆனால் அந்த வட்டாரத்தில் பாதிப்பேருக்கு அவரைத் தெரிந்தது மில்லால் அல்ல. அவர்களுடைய போனில் அவர் பெயர் ‘ஓ நெகட்டிவ்’ என்று இருந்தது. நேரில் கூப்பிடும்போது ரெத்ததாஸ்.

நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்குத்தான் அந்த ரத்தம் இருக்கும். இருபத்திமூன்று வயது வரை தனக்கு அது இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஏழு பிள்ளைகளில் ஐந்தாவது. பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை தோற்று அப்பாவின் மில்லில் நின்றவர். சபையில் வாலிபர் சங்கம் எடுத்த குரூப் போட்டோவில் அவருடைய நெற்றி மட்டும் யாரோ ஒருவருடைய தோளுக்குப் பின்னால் தெரியும்.

சுமட்டுத் தொழிலாளி மோகனனின் மனைவி விலாசினிக்கு இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. ஜங்ஷனில் நின்றவர்களை எல்லாம் ஒரு வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பதினொரு பேரைச் சோதித்ததில் சேர்ந்தது இவருடையது மட்டும். கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது, நூறு கிலோ மூட்டையைத் தலையில் வைத்து நடக்கிற மோகனன் அவருடைய கையைப் பிடித்தார். பாறசாலை வந்து சேரும்வரை விடவேயில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனையில் போதகர் அவர் பெயரைச் சொல்லி ஜெபித்தார். அந்தக் கட்டிடத்தில் அவர் பெயர் ஒலித்தது, ஞானஸ்நானத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

பிறகு இருபத்தெட்டு வருடம். அறுபத்திமூன்று தடவை. குடிக்கவில்லை, பீடி தொடவில்லை. பீட்ரூட்டும் முருங்கைக்கீரையும் தின்றார். தன் உடம்பை இரவல் வாங்கிய பொருளைப்போல் பார்த்துக்கொண்டார். பெண் கேட்டுப் போனபோது புஷ்பபாயின் அப்பா மில்லைப் பற்றி விசாரிக்கவே இல்லை. “ரெத்தம் குடுக்கிற பையன்லா” என்று சம்மதித்துவிட்டார். கல்யாண வீடுகளில் அவரை முதல் பந்தியில் உட்காரவைப்பார்கள். யாராவது ஒருவர் பக்கத்திலிருப்பவரிடம் குனிந்து, “இவருதான்” என்பார். ரெத்தினதாஸ் காதில் விழாததுபோல் இலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

போன ஜூனில் ரதீஷ் மில்லுக்கு வந்தான். உதியன்குளங்கரையில் டெம்போ ஓட்டுகிறவன். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து மனைவி பிரசீதா கர்ப்பமாகியிருந்தாள். அவளுக்கும் ஓ நெகட்டிவ். நவம்பரில் பிரசவம், மார்த்தாண்டம் பக்கம் அவளுடைய வீட்டுக்கு அருகிலுள்ள ஆஸ்பத்திரியில். நச்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, ரத்தம் தேவைப்படலாம், ஆளைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்று அங்கே சொல்லியிருந்தார்கள்.

“அண்ணே, உங்கள நம்பியாக்கும் இருக்கேன்.”

“நீ பேடிக்காண்டாம் மக்கா. நான் உண்டுல்லா.”

ஜூலையில் ஒரு முகாமில் அவர் வழக்கம்போலக் கொடுத்தார். நவம்பருக்குள் அடுத்த தடவைக்கான இடைவெளி முடிந்துவிடும் என்று கணக்குப் பார்த்துத்தான் கொடுத்தார்.

பத்து நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, மிளகாய் ஓடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பிளட் பாங்கிலிருந்து ஒரு பெண்குரல்.

“ரெத்தினதாஸ் சேட்டனல்லே? ப்ளட் பாங்கீந்நாணு. ஒந்நு நேரிட்டு வரணம்.”

யாருக்காவது அவசரமா என்று கேட்டார். இல்லையாம். அவர் விஷயமாகத்தான் நேரில் வரச் சொல்கிறார்களாம். போனில் சொல்ல முடியாது, திங்கட்கிழமை வந்தால் போதும் என்றாள். குரல் மிகவும் மரியாதையாக இருந்தது. அந்த மரியாதைதான் அவரைப் பயமுறுத்தியது.

எடுத்த ரத்தத்தில் என்னென்ன சோதிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அறுபத்திமூன்று தடவை அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எய்ட்ஸ், இரண்டு வகை மஞ்சள்காமாலை, பால்வினை நோய், மலேரியா. மில்லின் பின்சுவரில் தொங்கிய கண்ணாடியில் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். கண்ணில் மிளகாய்த்தூள் பட்டுச் சிவந்திருந்தது. மஞ்சள் இருந்தாலும் தெரிந்திருக்காது. பூவார் போனபோது பல் பிடுங்கினாரே, அந்த ஊசியா? சலூனில் பிளேடு மாற்றினானா? திருமணத்துக்கு முன்பு அம்பூரியில் ரப்பர் வெட்டுக்காரர்களோடு மூன்று மாதம் தங்கியிருந்தாரே, அங்கே என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை என்று அவருக்கே தெரியும். ஆனாலும் அந்த மூன்று மாதத்தையும் நாள் நாளாக உதறிப் பார்த்தார்.

சனிக்கிழமைதான் இன்னொரு எண்ணம் வந்தது. அப்படியென்றால் இதுவரை கொடுத்ததெல்லாம்? விலாசினி. பைக்கில் விழுந்த அகிலேஷ். பாறசாலை டீச்சர். நெய்யாற்றின்கரையில் அந்தச் சின்னப் பிள்ளை, இரண்டு தடவை. முகம் தெரிந்தவர்கள் இருபது பேர் இருப்பார்கள். மற்றவர்கள் யார்? அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? மெஷினுக்குப் பக்கத்தில் நின்று அவர்களை நினைவிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தார். புட்டுக்குப் பொடிக்க வேண்டிய அரிசியை அப்பத்துக்கு நைசாகப் பொடித்துவிட்டார். முப்பது வருடத்தில் அப்படி நடந்ததில்லை.

வீட்டில் தனித் தம்ளரில் தண்ணீர் குடித்தார். புஷ்பபாய் கொடியில் புதுத் துண்டு தொங்குவதைப் பார்த்தாள்.

“இது ஆருக்கு? உள்ள தோர்த்து போராதா?”

“மேலெல்லாம் ஒரு சொறிச்சல். உனக்குப் பகர்ந்திரப்பிடாது.”

“எங்க சொறிச்சல்? காட்டுங்க.”

அவர் குளிக்கப் போய்விட்டார். மகள் லிஜா பெங்களூரில் நர்ஸ். ஒரு போன் போட்டால் விளக்கிச் சொல்லிவிடுவாள். அதனாலேயே அந்த வாரம் அவள் கூப்பிட்டபோது, மில்லில் ஆள் நிற்கிறது என்று வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை பிளட் பாங்கின் டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு மலையாளத்தில் நிதானமாகச் சொன்னார். கல்லீரலைப் பாதிக்கிற மஞ்சள்காமாலைக் கிருமிக்கான சோதனையில் அவருடைய ரத்தம் ‘ரியாக்டிவ்’ என்று காட்டியிருக்கிறது. அதனால் நோய் இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி சோதிக்க வேண்டும். மனைவியும் சோதித்துக்கொள்வது நல்லது.

“முன்ன குடுத்ததெல்லாம்?” என்று கேட்டார் ரெத்தினதாஸ். ‘டாக்டர்’ என்று சேர்க்க மறந்துவிட்டார்.

ஒவ்வொரு தடவையும் சோதித்துத்தான் கொடுத்தோம், இதுவரை ஒரு குறையும் இல்லை, இந்த ஒரு பையை மட்டும் அழித்துவிட்டோம் என்றார் டாக்டர். ரெத்தினதாஸ் தலையாட்டினார். பஸ்ஸில் திரும்பும்போது அந்தப் பையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அழிப்பது என்றால் எப்படி? எரிப்பார்களா, ஊற்றுவார்களா?

புஷ்பபாயிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். அவள் கப்பைக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்லி முடிக்கும்வரை கத்தி நிற்கவில்லை. பிறகு கத்தியைக் கீழே வைத்தாள்.

“எப்பம் தெரிஞ்சுது?”

“வியாழக்கிழம.”

“இன்னு திங்களாழ்ச்ச. நாலு நாளு நீங்க தனி தம்ளர்ல குடிச்சிட்டு இருந்தீங்க. நான் என்னெல்லாம் நினச்சேன் தெரியுமா? என்கிட்ட வெறுப்பாக்கும்னு நினச்சேன்.”

“உனக்கு வந்திருக்குமோன்னு பேடி.”

“வந்தா வந்திட்டுப் போட்டு. இருபத்தாறு வருசம் கூடக் கிடந்தவ, இனி தம்ளர மாத்தினா போதுமா?” என்றாள். அழுகையை அடக்க, மறுபடி கத்தியை எடுத்து ஒரு கிழங்கைத் தேவையில்லாமல் இரண்டாகப் பிளந்தாள்.

இரண்டு பேரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். முடிவுக்கு இரண்டு வாரம் ஆயிற்று. அதற்குள் ரதீஷ் இரண்டு தடவை மில் வாசலில் டெம்போவை நிறுத்தினான். “அண்ணே, சுகந்தானே? நவம்பர் பதினாலுன்னு டேட் சொல்லியாச்சு.” ரெத்தினதாஸ் கையை உயர்த்திக் காட்டினார். எதற்கும் பொருந்துகிற ஓர் அசைவு.

முடிவு வந்தது. அவருக்கு நோய் இல்லை. புஷ்பபாய்க்கும் இல்லை. எந்திரம் எப்போதாவது அப்படித் தவறாகக் காட்டும் என்றார்கள். ரெத்தினதாஸ் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நேராக பிளட் பாங்கிற்குப் போனார். டாக்டரம்மா படித்துப் பார்த்து, சந்தோஷம் என்று சிரித்தார்.

“அப்ப, இனி எப்பம் குடுக்கலாம்?”

டாக்டரம்மாவின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. ஒரு தடவை இப்படிக் காட்டிவிட்டால் அந்த ஆளிடமிருந்து மறுபடி எடுப்பதில்லை. இங்கே அதுதான் வழக்கம் என்றார். வாங்குகிறவருடைய பாதுகாப்புக்காக. உங்கள் உடம்பில் ஒரு குறையும் இல்லை, நீங்கள் நிம்மதியாக வாழலாம்.

“சோக்கேடு இல்லேன்னு நீங்கதானே சொன்னீங்க?”

இல்லைதான்.

“பின்ன?”

டாக்டரம்மா அவருக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

அன்று மாலை புஷ்பபாய் கோழி வாங்கி வைத்திருந்தாள். அவர் தொடவில்லை. “சோக்கேடு இல்லேன்னு ஆயிப்போச்சே. ஸ்தோத்திரம் சொல்லாம மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தா எப்பிடி?”

“இனி நான் எதுக்கு, புஷ்பம்?”

“எதுக்குன்னு கேட்டா? இந்த ரோட்டுல மாவு பொடிக்க ஆளு வேண்டாமா?”

“மாவு மெஷினாக்கும் பொடிக்குது. சுவிட்ச் போட ஆரானாலும் மதி.”

அவள் அவருடைய இலையிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தின்றாள்.

ரதீஷிடம் சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். நாளைக்குச் சொல்லலாம் என்று செப்டம்பர் போயிற்று. ஒரு நாள் ரதீஷே கேட்டான். “அண்ணே, கூட ஒரு ஆளையும் பாத்து வைக்கவா? உங்களுக்குப் பனி காச்சல் வந்தா?” அப்போது சொல்லியிருக்கலாம். மில்லில் நான்கு பெண்கள் நின்றார்கள். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். இருபத்தெட்டு வருடமாகப் பழகிய பார்வை அது. “எதுக்குலே? நான் உண்டுல்லா” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அன்று இரவுச் சாப்பாடு செல்லவில்லை.

அக்டோபரில் அவருடைய மனம் வேறு வழியில் ஓடத் தொடங்கியது. தன் பெயர் ஏறியிருப்பது இந்தப் பக்கத்துப் பதிவில். பிரசவம் அந்தப் பக்கம். எல்லைக்கு அப்பால் யாருக்குத் தெரியும்? உடம்பில் குறையில்லை என்று காகிதம் இருக்கிறது. அங்கேயும் சோதித்துத்தான் எடுப்பார்கள். இது கள்ளத்தனம் இல்லை, கொடுத்த வாக்கு. குழித்துறைப் பாலத்தைப் பஸ் கடக்கும்போதும் அவர் அதையே தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். நவம்பர் பதின்மூன்று, மதியம். மறுநாள் காலை ஆபரேஷன்.

ஆஸ்பத்திரி வாசலில் ரதீஷ் ஓடிவந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்தான். வார்டுக்குக் கூட்டிப்போனான். பிரசீதா வீங்கிய கால்களோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள்.

“வேண்டாம் மக்களே, இரி.”

“அண்ணன் வந்தாச்சுல்லா. இனி எனக்குப் பேடி இல்ல” என்றாள்.

படிவம் தமிழில் இருந்தது. பெயர், வயது, எடை. இதற்கு முன் எப்போதாவது ரத்தம் கொடுக்கக் கூடாது என்று உங்களிடம் சொல்லப்பட்டதுண்டா? ஆம், இல்லை என்று இரண்டு சின்னக் கட்டம். அவர் ‘இல்லை’யில் கோடு போட்டார். பேனா ஓடவில்லை, மறுபடி அழுத்திப் போட்டார். விரலில் குத்திப் பார்த்தார்கள். பிரஷர் கொஞ்சம் கூடுதல், ஆனாலும் எடுக்கலாம் என்றார்கள். நாற்காலிக் கட்டிலில் சாய்ந்தார். டெக்னீஷியன் பெண் முழங்கை மடிப்பில் இருந்த பழைய ஊசித் தழும்புகளைத் தடவிப் பார்த்தாள்.

“எத்தனை தடவை குடுத்திருக்கீங்க அப்பா?”

“நெறய தடவ.”

அவள் ஸ்பிரிட்டால் துடைத்தாள். குளிர்ச்சி ஏறியது. அப்போதுதான் அவருக்கு அது தோன்றியது. இவர்களும் சாயங்காலம் சோதிப்பார்கள். இவர்களுடைய எந்திரமும் அதே தவறைச் செய்தால்? ராத்திரியில் இந்தப் பையைத் தூக்கி எறிவார்கள். காலையில் அந்தப் பெண்ணை மேஜையில் கிடத்தும்போது ரத்தம் இருக்காது. ரதீஷுக்கு வேறு ஆளைத் தேட நேரமும் இருக்காது. இல்லை, எந்திரம் செய்ததுதான் சரி, காகிதம்தான் தவறு என்றால்?

“மக்களே, நில்லு” என்று எழுந்தார். “நான் அதுல தப்பா எழுதிட்டேன்.”

சட்டைக் கையை இறக்கிவிடாமலே வெளியே வந்தார். ரதீஷ் இளநீரோடு நின்றான்.

“அதுக்குள்ள முடிஞ்சா?”

“எடுக்கல்ல மக்கா. என்கிட்ட இனி எடுக்கப்பிடாதுன்னு ஆகஸ்டுலயே சொல்லியாச்சு. ஒரு டெஸ்டுல கொறவு காட்டிச்சு. பின்ன ஒண்ணும் இல்லேன்னும் சொன்னாங்க. ஆனா எடுக்க மாட்டாங்க.”

ரதீஷுக்குப் புரிய நேரமாயிற்று.

“ஆகஸ்டுலயா? இது நவம்பராக்கும் அண்ணே. வேற ஆளு பாக்கவான்னு நான் கேட்டேனா இல்லியா? ஆளுகளு நிக்கும்போது கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க?”

“சொல்ல பற்றல்ல. வாய் வரல்ல மக்கா.”

“சொல்ல பற்றல்லியா? உங்களுக்குப் பேரு வேணும். அதுக்கு எனக்க பொண்டாட்டியும் கொச்சும்…” இளநீரைச் சுவரோரம் வைத்துவிட்டு, “போங்க. இஞ்ச நிக்காண்டாம்” என்றான்.

ரெத்தினதாஸ் போகவில்லை. வெளியே புளியமரத்தடியில் நின்று, தெரிந்த எண்களையெல்லாம் கூப்பிட்டார். கொடுக்கிற ஆள் ஒருவர்கூட அந்த எண்களில் இல்லை. இத்தனை வருடமாக எல்லோருக்கும் அவரைத் தெரிந்திருந்தது. தன்னைப்போல் இன்னொருவரை அவர் தேடி வைத்ததேயில்லை. ஐந்து மணிக்கு நாகர்கோவிலிலிருந்து இரண்டு கல்லூரிப் பெண்கள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் வாட்ஸாப்பில் போட்ட செய்தியைப் பார்த்தார்களாம். ஒருத்தி உள்ளே போனாள். இன்னொருத்தி வெளியே நின்று சிப்ஸ் தின்றாள். அரைமணி நேரத்தில் முடிந்தது. யாரும் அவர்கள் கையைப் பிடிக்கவில்லை. அவர்களும் அதற்காகக் காத்திருக்கவில்லை. ஸ்கூட்டர் திரும்பிப் போனதைப் பார்த்த பிறகு அவர் பஸ் ஏறினார்.

மறுநாள் பெண் குழந்தை பிறந்தது. பிரசீதாவுக்கு ஒரு பை ஏற்றினார்களாம், தாயும் பிள்ளையும் சுகம். இதை ரெத்தினதாஸ் டீக்கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டார். மற்றதையும் டீக்கடைதான் பரப்பியது. ‘ஒண்ணும் இல்லேன்னு சொன்னாங்க’ என்ற பகுதி வழியில் எங்கோ உதிர்ந்துபோயிற்று. ‘ரெத்தத்தில் கொறவு’ மட்டும் ஊர் சுற்றியது. கிறிஸ்துமஸ் சமயம் மில்லில் நிற்க இடம் இருக்காது. அந்த வருடம் டின்கள் களியக்காவிளை மில்லுக்குப் போயின. குழந்தைக்கு நந்தனா என்று பெயரிட்டு, இருபத்தெட்டாம் நாள் இடுப்பில் நூல் கட்டும்போது மில் இருக்கிற ரோட்டில் எல்லா வீட்டுக்கும் அழைப்பு வந்தது. இவர் வீட்டுக்கு வரவில்லை. புஷ்பபாய் அன்று கதவைச் சாத்திக்கொண்டு பழைய துணியெல்லாம் தைத்தாள்.

ஜனவரியில் விலாசினி மிளகாயோடு வந்தாள். வேறு யாரும் இல்லை. டின்னைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

“ரெத்தினம், உள்ளத சொல்லுவேன். நான் போய் டெஸ்ட் பண்ணினேன். எனக்க வீட்டுக்காரருக்குத் தெரியாது.”

“எதுக்குக்கா?”

“உனக்க ரெத்தம் எனக்குள்ள ஓடுதுல்லா. உறக்கம் வரல்ல. ஒண்ணும் இல்லேன்னு பேப்பர் வந்திருக்கு. உனக்க மூஞ்சியப் பாக்க இப்பம் வெக்கமா இருக்கு.”

ரெத்தினதாஸ் மெஷினில் சாய்ந்து நின்றார். அவள் மேல் கோபம் வரவில்லை. அந்த முதல் நான்கு நாளும் அவர் பயந்தது இவளுக்காகத்தான் என்று சொல்ல நினைத்து, “நல்லதுக்கா. பண்ணினது நல்லது” என்று மட்டும் சொன்னார். சுவிட்சைப் போட்டார். இருவரும் தும்மினார்கள்.

போன் வருவது குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. எங்கோ பழைய பட்டியலில் அவருடைய எண் கிடந்தது. நம்பரை மாற்றுங்கள் என்று புஷ்பபாய் பல தடவை சொன்னாள். அவர் மாற்றவில்லை. என்னால் கொடுக்க முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுவார். பிறகு எந்த ஆஸ்பத்திரி, எத்தனை பை என்று கேட்டு, தேடத் தொடங்குவார். நாகர்கோவில் பெண்களுடைய எண்ணை ஆஸ்பத்திரியில் கெஞ்சி வாங்கிவந்திருந்தார். அவர்கள் வழியாக நான்கைந்து பேர். சில நாள் கிடைக்கும். சில நாள் கிடைக்காது. கிடைத்ததா என்று திரும்பச் சொல்ல யாருக்கும் நினைவிருப்பதில்லை. அவரே கூப்பிட்டுக் கேட்பார். அவர்கள் போனை எடுக்காவிட்டால் அன்று முழுவதும் மில்லில் ஒரு இடத்தில் நிற்கமாட்டார்.

மே மாதம் ஒரு காலை, ரதீஷின் டெம்போ வாசலில் நின்றது. அவன் இறங்கி ஒரு புது எவர்சில்வர் டப்பாவைத் திட்டில் வைத்தான். ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் தடவை.

“கூவரகு. முளகெட்டி உணக்கினது. கொச்சுக்காக்கும். நைசா வேணும்.”

ரெத்தினதாஸ் மூடியைத் திறந்தார். முளைகட்டிக் காயவைத்த கேழ்வரகு சிவப்பாக, சுத்தமாக இருந்தது.

“களியக்காவிளையில புது மெஷின் உண்டே” என்றார்.

“நானும் அதத்தான் சொன்னேன்.” ரதீஷ் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினான். “எனக்கு உங்க மேல உள்ளது தீரல்ல, கேட்டீங்களா. பிரசீதா கேக்கல்ல. அந்த மனுசன் அன்னு ஊசி குத்த விட்டிருந்தா ஆருக்கும் தெரியாது, எழும்பி வந்தாருல்லா, பிள்ளைக்க சாதனம் அவருகிட்ட பொடிச்சா மதி, அப்பிடீன்னு சொன்னா.”

ரெத்தினதாஸ் மெஷின் பக்கம் திரும்பினார். முந்தின நாள் மல்லி ஓடியிருந்தது. கல்லைக் கழற்றித் துடைத்தார். மாட்டி, ஒரு பிடி பச்சரிசி போட்டு ஓட்டி, அந்த மாவைத் தூர எறிந்தார். மோந்து பார்த்தார். இன்னும் மல்லி வாசம் இருக்கிறதோ? இன்னொரு பிடி போட்டார். மறுபடியும் மோந்தார். மூன்றாவது பிடிக்குக் கை போனபோது, “போதும் அண்ணே” என்றான் ரதீஷ்.

மாவு துணிக்குழாய் வழியாக இறங்கியது. விரலிடையில் தேய்த்துப் பார்த்து, இன்னொரு தடவை ஓட்டினார். ரதீஷ் மூடியை எடுத்தான்.

“மூடாதே. சூடோட மூடினா ஈரம் பிடிக்கும். கொச்சுக்கு வயித்துக்கு ஆகாது. அஞ்சு நிமிசம் ஆறட்டு.”

மோட்டார் நின்றிருந்தது. டப்பா திட்டில் திறந்து கிடக்க, இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.